இளைப்புக்குச் சீனி உருண்டை: ராமநாதபுரம் கரையோர ஹோமியோ கிளினிக்குகள் எப்படி?

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் என்று கரையோர ஊர்களில் ஹோமியோ போர்டு புதிதல்ல. டான்சில், தோல் அரிப்பு, படுக்கையில் சிறுநீர் என்று பல காரணங்களுக்காகப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள். இங்கே பார்ப்பது ஒன்றைத்தான்: வருஷக்கணக்கில் விட்டுவிட்டு வரும் இளைப்பு, அதாவது ஆஸ்துமா. தப்பு நடந்தால் உயிருக்கே வினையாகும் இடம் அது என்பதால்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். முதல் நாள் உட்கார வைத்துப் பேசுவது முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. தாகம் எடுக்குமா, தலை வேர்க்குமா, போர்வைக்கு வெளியே காலை நீட்டுவானா, இருட்டென்றால் பயமா, இழுப்பு ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறது என்று துருவித் துருவிக் கேட்பார்கள். கூட்டம் நிற்கும் ஓ.பி.யில் இதற்கு யாருக்கும் நேரம் கிடையாது. அந்தக் கேள்விகளில் பாதி வைத்தியத்துக்கு உதவாது. மீதிப் பாதி உண்மையிலேயே உதவும். இழுப்பு வரும் நேரம், தெருக்கோடியில் சீமைக் கருவேலங் கரிமூட்டம் புகையும் நாட்கள், கருவாடு காயும் தளம், மூடிய அறையில் கொசுவர்த்தி எல்லாம் வைத்தியர் எழுதும் தாளில் ஏறிவிடும். ஒரு நகல் கேட்டு வாங்கி, குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். கொடுத்த கட்டணத்துக்கு அதுதான் பெரிய லாபம்.

இனி மருந்து. சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைக் கரும்புச் சர்க்கரை உருண்டைகள். அதன்மேல் சாராயத்தில் கரைத்த திரவம் சில சொட்டு விட்டு, மூடியைத் திருகி, உள்ளங்கையில் தட்டிக் குலுக்கித் தருவார்கள். கூடவே 1, 2, 3 என்று எண் போட்ட பொட்டலங்கள். உள்ளே பால் சர்க்கரைப் பொடி. பெற்றோருக்குத் தெரியாத ஒரு சங்கதி: அந்தப் பொட்டலங்களில் பல, மருந்தே தொடாத வெறும் பொடியாக இருக்கலாம். 'சாக் லாக்' என்று அதற்குப் பெயரே உண்டு. ஒரு டோஸ் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது அந்த முறையின் விதி. வெறுங்கையோடு அனுப்பினால் வீட்டார் ஒப்ப மாட்டார்கள் என்பதற்காகச் செய்கிற ஏற்பாடு.

குப்பியில் '30' என்றிருந்தால், மூலப்பொருள் ஒரு பங்குக்கு 99 பங்கு சாராயம் என்ற கணக்கில் முப்பது தடவை கரைத்தது என்று பொருள். பன்னிரண்டாவது தடவையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. நள்ளிரவு இழுப்புக்கு ஆர்சனிகம் ஆல்பம், ஈரக் காற்றில் கூடும் இழுப்புக்கு நேட்ரம் சல்ப், கடற்கரையில் கூடினால் நேட்ரம் மூர் என்று தேர்வு செய்வார்கள். நேட்ரம் மூர் வேறொன்றுமில்லை, சோற்றுப்பு. வாலிநோக்கம் உப்பளக் காற்றை மூச்சில் இழுத்து வளரும் பிள்ளைக்கு, இல்லாத உப்பைக் குப்பியில் அடைத்துத் தருவது வேடிக்கைதான்.

வேலை செய்கிறதா? ஆஸ்துமா உள்ள 96 குழந்தைகளுக்கு, வழக்கமான மருந்தை நிறுத்தாமல், ஆளுக்குத் தகுந்த ஹோமியோ மருந்தையும் வெறும் உருண்டையையும் பிரித்துக் கொடுத்து ஒரு வருஷம் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2003இல் வந்தது. இரண்டு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் 2015இல் பல நோய்களுக்கான ஆய்வுகளை அலசிவிட்டு, எதற்கும் நம்பகமான ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது.

பிறகு ஏன் 'கேட்டது' என்கிறார்கள்? இந்தக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாடைக்காற்றும் சளியும் ஒன்றாக வரும். இழுப்பு உச்சத்தில் இருக்கும்போதுதான் புது வைத்தியரைத் தேடிப் போவார்கள். தை பிறந்து காற்று மாறும்போது இழுப்பு தானே வடியும். பெயர் உருண்டைக்குப் போகும். சின்ன வயதில் சளியோடு மட்டும் வரும் வீசிங், பல பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் தானாக நின்றுவிடுவதும் உண்டு.

இதுவரை சொன்னதில் போவது காசு மட்டும். உண்மையான ஆபத்து வேறு. ஸ்டீராய்டு இன்ஹேலர் நோயை 'உள்ளே அமுக்கிவிடும்', அதை விட்டால்தான் எங்கள் மருந்து பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிடுங்கள். அந்த இன்ஹேலரில் இருக்கும் புடெசோனைடு மாதிரியான தடுப்பு மருந்து மூச்சுக்குழாயின் வீக்கத்தை மெல்ல வற்றவைப்பது. நிறுத்திய அன்றே எதுவும் தெரியாது. வாரக்கணக்கில் வீக்கம் திரும்பி, அடுத்த சளியில் மொத்தமாக இறுக்கும். 'ஆரம்பத்தில் நோய் கொஞ்சம் கூடும், அது நல்ல அறிகுறி' என்பதும் அங்கே வழக்கமான பேச்சு. இளைப்பில் கூடுவது நல்ல அறிகுறியே அல்ல. மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுவது, முழு வாக்கியம் பேச முடியாமல் திணறுவது, உதடு நீலம் பாய்வது, பிள்ளை சோர்ந்து கண் செருகுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108.

இன்ஹேலர் 'கேட்கவில்லை' என்று ஹோமியோவுக்கு மாறுகிறவர்கள், போடும் முறை சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் குடுவை) இல்லாமல் நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் மாட்டி, ஒரே ஒரு அடி. பிள்ளை ஐந்தாறு தடவை நிதானமாக மூச்சு விட்டு வாங்க வேண்டும். அரை நிமிடம் கழித்து, திரும்பக் குலுக்கி அடுத்த அடி. இரண்டையும் சேர்த்து அடிப்பது வீண். சின்னப் பிள்ளைக்கு மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளியின்றி மூட வேண்டும். அழுதுகொண்டிருக்கும்போது போட்டால் உள்ளே போவது சொற்பம். ஸ்டீராய்டு போட்டபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் படலம் படியும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துணியால் துடைக்காமல் காய விடுங்கள். துடைத்தால் மின்னூட்டம் ஏறி மருந்தைச் சுவரே பிடித்துக்கொள்ளும். இன்ஹேலரைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மீதியைக் கணிப்பது தப்பு. பெட்டியில் போட்டிருக்கும் அடிகளின் எண்ணிக்கையைத் தேதியோடு எழுதி வையுங்கள். நம் ஊர் வெயிலில் வண்டிக்குள் விட்டுப் போகவும் கூடாது.

அவசரத்துக்கு, மூச்சுக்குழாயைச் சட்டென்று விரிக்கும் சால்புடமால் இன்ஹேலர் எத்தனை அடி என்பதைக் குழந்தை டாக்டரிடம் தாளில் எழுதி வாங்கி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பாலம் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தைக் கணக்கில் வைத்துத்தான் கிளம்பும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் போகத்தான் போகிறோம் என்பவர்களுக்கு: பி.எச்.எம்.எஸ். பட்டமும் தமிழ்நாடு ஹோமியோபதி மருத்துவ கவுன்சில் பதிவெண்ணும் சுவரில் இருக்கிறதா பாருங்கள். 'எலக்ட்ரோ ஹோமியோபதி' வேறு. அதற்கு அரசு அங்கீகாரம் இல்லை. மருந்தின் பெயரையும் வீரியத்தையும் (எவ்வளவு கரைத்தது என்று காட்டும் எண்) எழுதித் தர மறுத்தால் வாங்காதீர்கள். 30, 200 என்பவற்றில் மூலப்பொருளே இல்லை என்பதால் விஷமும் இல்லை. ஆனால் 'கியூ' என்னும் தாய்த் திராவகமும் (மேற்கொண்டு கரைக்காத மூலச் சாறு), 3 எக்ஸ் மாதிரி சில தடவை மட்டும் கரைத்த குறைந்த வீரியமும் அப்படியல்ல. ஆர்சனிக், பாதரசம், பெல்லடோனா அந்த அளவில் நிஜமாகவே இருக்கும். குழந்தைக்கு வேண்டாம். பல்முளைப்புக்கு விற்ற ஹோமியோ மாத்திரைகளில் பெல்லடோனா அளவு தாறுமாறாக இருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இல் பரிசோதனையில் கண்டறிந்தது.

பெயரில்லாப் பொடியில் இழுப்பு நாலே நாளில் அற்புதமாக நின்று, பசி கூடி, முகம் உப்பினால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பொட்டலத்தோடு மருத்துவமனைக்குப் போங்கள். பல வாரம் கொடுத்திருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பை மறந்திருக்கும்.

ஆறு மாதம், ஒரு வருஷம் என்று மொத்தப் பேக்கேஜுக்கு முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகிறவர்கள் வீடுகளில் எந்தச் செலவைக் குறைப்பது என்ற பேச்சு வரும். முன்பணம் கட்டிய உருண்டை வீட்டில் இருக்கும், குறைப்பது இன்ஹேலராகிவிடும். கையில் இருக்கும் இன்ஹேலர் அந்த இரண்டு மாதத்துக்குத் தாங்குமா என்று பங்குனியிலேயே எண்ணிப் பாருங்கள். போதாதென்றால் அரசு மருத்துவமனையில் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.