"சி6" என்று மட்டும் போட்டிருக்கும் ராக்கெட் கிட்டை வாங்காதீர்கள்

அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்து மாடல் ராக்கெட் விட நினைக்கும் பெற்றோருக்கும் வார இறுதி வகுப்பு எடுப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. ஆன்லைன் சந்தையில் ஒரு தனி விற்பனையாளர் "வகுப்புக்கான முழு செட், எல்லாம் உள்ளே, பிரித்தவுடன் பறக்கவிடலாம்" என்று விற்ற பெட்டி இது. 6 ராக்கெட், 12 சி6 மோட்டார் (ராக்கெட்டைத் தள்ளும் கருமருந்து அடைத்த குழாய்), ராக்கெட்டை நிறுத்தி விட ஒரு லாஞ்ச் பேட், தள்ளி நின்று பட்டனை அழுத்திப் பற்றவைக்க ஒரு கன்ட்ரோலர். வெளியே நல்ல பெயருள்ள கம்பெனியின் லேபிள், உள்ளே பல பழைய பெட்டிகளில் பொறுக்கிய சாமான். தயாரித்தவர்கள் மேல் தப்பு இல்லை. பிரித்து, கலந்து, மறுபடி டேப் ஒட்டியவரின் கைவரிசை.

பெரிய வில்லங்கம் மோட்டாரில். 12இல் 5 மோட்டார் சி6-0.

இது ஏன் ஆபத்து என்று புரிய, மோட்டார் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். முதல் எழுத்து, மோட்டார் தரும் மொத்த சக்தி. ஏ என்றால் 2.5 நியூட்டன்-வினாடி வரை, பி 5 வரை, சி 10 வரை. எழுத்து ஏற ஏற இரட்டிப்பு. அடுத்த எண், சராசரியாக எத்தனை நியூட்டன் விசையில் தள்ளும் என்பது. கோடு போட்டு அதன்பின் வரும் எண்தான் பாராசூட்டின் தலையெழுத்து. மருந்து எரிந்து முடிந்து எத்தனை வினாடி கழித்து மேல்பக்கம் வெடித்து மூக்கைக் கழற்றி பாராசூட்டை வெளியே தள்ளும் என்பதை அது சொல்கிறது. சி6-5 ஏறக்குறைய 2 வினாடி எரியும். பிறகு 5 வினாடி புகையை மட்டும் விட்டுக்கொண்டு ராக்கெட் தன் வேகத்திலேயே ஏறும். உச்சியை ஒட்டி ஒரு "பட்", பாராசூட் விரியும்.

சி6-0வில் அந்த 5 வினாடியும் கிடையாது, பாராசூட்டைத் தள்ளும் மருந்தும் கிடையாது. இரண்டடுக்கு ராக்கெட்டின் கீழடுக்குக்காகச் செய்தது அது. எரிந்து முடியும்போது மேல்பக்கம் பீறிட்டு வரும் நெருப்பு, மேலடுக்கு மோட்டாரைப் பற்றவைக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். ஒற்றையடுக்கு ராக்கெட்டில் அதைச் செருகினால் ராக்கெட் உச்ச வேகத்தில் இருக்கும் நொடியில் அந்த நெருப்பு பாராசூட் மேல் பாயும். மெல்லிய பிளாஸ்டிக் உருகிச் சுருண்டுவிடும், ராக்கெட் மூக்கு குத்த இறங்கும். கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது குழந்தைகள்.

கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். 18 மி.மீ. தடிமன், 70 மி.மீ. நீளத்தில் காகிதக் குழாய். ஒரு முனையில், நெருப்பு வெளியேற நடுவே சிறு துளையுள்ள களிமண் நாசில். மறுமுனையைத் திருப்பிப் பாருங்கள். சி6-5 என்றால் அங்கேயும் களிமண் மூடி இருக்கும். சி6-0வில் மூடி இல்லை, கரிய மருந்து அப்படியே தெரியும். எஸ்டெஸ் கம்பெனியின் மோட்டாரில் எழுத்தின் நிறமும் காட்டிக்கொடுக்கும்: பச்சை ஒற்றையடுக்குக்கு, ஊதா மேலடுக்குக்கு, சிவப்பு கீழடுக்குக்கு. எங்களுக்கு வந்த 5 மோட்டாரிலும் எழுத்து சிவப்பு.

மீதி 7இல் 3 சி6-7. லேசான ராக்கெட்டுக்கு அது சரிதான். கொஞ்சம் கனமான ராக்கெட்டில் போட்டால் 7 வினாடி முடிவதற்குள் அது உச்சியைத் தாண்டித் திரும்பி, பாராசூட் இல்லாமலே தரையைப் பார்த்து வேகம் பிடித்துவிடும்.

விற்றவரிடம் கேட்டோம். "சி6 என்று போட்டேன், சி6 அனுப்பினேன்" என்று பதில் வந்தது. வாதத்துக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

சின்னப் பிள்ளைகளின் முதல் ராக்கெட்டுக்கு சி மோட்டார் கொடுப்பதே தப்பு என்பது வேறு விஷயம். ஒரு அடி நீள ராக்கெட் சி-யில் 1,000 அடியைத் தொடும், காற்று கொஞ்சம் இருந்தால் பக்கத்துத் தெருவில்தான் தேட வேண்டும். 1957இல் தொடங்கிய தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதி ஏ மோட்டாருக்கு 100 அடி, பி-க்கு 200 அடி, சி-க்கு 400 அடி அகல மைதானம் கேட்கிறது. பெரும்பாலான பள்ளி மைதானங்களுக்கு ஏ8-3 போதும். ராக்கெட் கண்ணுக்குத் தெரியும் உயரத்திலேயே இருக்கும், பிள்ளை ஓடிப்போய்ப் பிடிக்கலாம். அந்த வயதில் சுகமே அதில்தான்.

பெட்டியில் அடுத்தது, பாராசூட்டைக் காக்கும் வாடிங் காகிதம். தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய தாள் அது. மெல்லிய குழாய்க்கு 3, 4 தாளைத் தளர்வாகக் கசக்கி மோட்டாருக்கும் பாராசூட்டுக்கும் நடுவே வைக்க வேண்டும். இவர் வைத்திருந்தது மூக்கு சிந்தும் டிஷ்யூ. அது எரிந்துகொண்டே காய்ந்த புல்லில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு தாளை வெளியே, சிமென்ட் தரையில், இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். நல்ல வாடிங் கருகும், தீக்குச்சியை எடுத்ததும் அணைந்துவிடும். அப்படியே பாராசூட்டையும் ஒருமுறை விரித்து, மடிப்புகளில் கொஞ்சம் முகப் பவுடர் தூவிக்கொள்ளுங்கள். பல மாதம் மடிந்து கிடந்த பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு விரியாது.

மூக்கையும் குழாயையும் இணைக்கும் ரப்பர் கயிறு 6 கிட்டில் 4இல் நைந்திருந்தது. இரண்டு கையால் இழுத்தாலே வெடிப்பு தெரிந்தது. இதற்கு வழக்குப் போட வேண்டியதில்லை. துணிக்கடையில் கிடைக்கும் தட்டை எலாஸ்டிக்கை ராக்கெட் நீளத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு வெட்டிப் போட்டால் முடிந்தது. எலாஸ்டிக்கைக் குழாயின் உள்சுவரில் ஒட்டும் காகித மடிப்பு குழாயின் வாயிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் உள்ளே இருக்கட்டும், இல்லாவிட்டால் மூக்கு உட்காராது.

பால்சா என்ற லேசான மரத்தில் செய்யும் ஃபின்களையும், அதாவது ராக்கெட்டின் வால் இறக்கைகளையும், யாரோ கையால் வெட்டிச் சேர்த்திருந்தார்கள். மரத்தின் ரேகை ஃபினின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். இவற்றில் குறுக்கே ஓடியது. விரலால் லேசாக வளைத்தபோதே இரண்டு முறிந்தன.

கன்ட்ரோலரைப் பார்த்தபோதுதான் உண்மையில் கோபம் வந்தது. அதில் ஒரு பாதுகாப்புச் சாவி இருக்கும். சாவியைச் செருகினால்தான் மின்சாரம் ஓடும், எடுத்துவிட்டால் பட்டனை யார் அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. ராக்கெட்டில் ஒயர் மாட்டப் போகிறவரின் சட்டைப்பையில் அந்தச் சாவி இருக்க வேண்டும் என்பதுதான் முறை. இந்தப் பெட்டியில் சாவி தொலைந்து, ஓட்டைக்குள் வளைத்த பேப்பர் கிளிப்பைத் திணித்து மேலே டேப் ஒட்டியிருந்தது. அதாவது எப்போதும் தயார் நிலை. ஒருவர் குனிந்து கிளிப் மாட்டும்போது பின்னால் ஒரு குழந்தை பட்டனை அழுத்தினால் முடிந்தது கதை. இதைப் பழுதுபார்க்காதீர்கள், தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்.

கன்ட்ரோலர் நல்லதாக இருந்தும் பட்டனை அழுத்தி ராக்கெட் கிளம்பாவிட்டால், சாவியை எடுத்துவிட்டு முழுதாக 60 வினாடி யாரும் பக்கத்தில் போகக் கூடாது. பெரும்பாலும் காரணம் இக்னைட்டர் (மோட்டாரைப் பற்றவைக்கும் மெல்லிய கம்பி) நுனி உள்ளே மருந்தைத் தொடாமல் நிற்பது, அல்லது அதில் மாட்டும் இரண்டு ஒயர் கிளிப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது, அல்லது பேட்டரி சோர்ந்துபோனது. கிளம்பும் நேரத்தில் எல்லாரும் 15 அடி தள்ளி நிற்க வேண்டும்.

திருப்பி அனுப்பலாம் என்று நினைத்தால் அதிலும் ஒரு பொறி. மோட்டாருக்குள் இருப்பது கருமருந்து, முன் அனுமதி இல்லாமல் அதைத் தபாலில் போடக் கூடாது. விற்றவரோ "முழு செட்டாக வந்தால்தான் பணம்" என்கிறார். இந்த மாதிரி செட் வாங்குகிறவர்கள் பார்சலைப் பிரிக்கும்போதே ஒவ்வொரு மோட்டாரின் எண்ணையும் படம் எடுத்து, அன்றைக்கே சந்தை நிறுவனத்திடம் புகாரைப் பதிவு செய்யுங்கள். அல்லது கிட்டைத் தனியாக வாங்கி, மோட்டாரை ஹாபி கடையில் சீல் உடையாத பாக்கெட்டாக வாங்குங்கள். வழக்கமாக 3 மோட்டார், அவற்றுக்கான இக்னைட்டர், அதை நழுவாமல் பிடிக்கும் பிளக் எல்லாம் ஒரே பாக்கெட்டில் வரும்.

எந்த கொட்டகை வெயிலிலும் குளிரிலும் கிடந்தது என்று தெரியாத மோட்டாரை, எண் சரியாக இருந்தாலும் பயன்படுத்த வேண்டாம். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் உள்ளே மருந்தில் விரிசல் விழும், பற்றவைத்ததும் குழாயோடு வெடிக்கும். அதனால் 12 மோட்டாரையும் ஒரு வாளித் தண்ணீரில் வீட்டுக்கு வெளியே ஊறப்போட்டோம். காகிதம் பிரிந்து, களிமண்ணும் மருந்தும் கூழாகக் கரைந்தபின் குப்பையில் போடலாம்.

இதை எழுதும்போதும் அந்த விளம்பரம் அப்படியேதான் இருக்கிறது. "சி6 மோட்டார் 12." கோடும் இல்லை, கோட்டுக்குப் பின்னால் எண்ணும் இல்லை.