சம உரிமையா, தன்னாட்சியா, முழு விடுதலையா? காலனிகள் எதிர்கொண்ட மூன்று வழிகள்

பேரரசுகளின் கீழ் இருந்த நாடுகளின் வரலாற்றை விடுதலை நாளிலிருந்து பின்னோக்கிப் படிப்பவர்களுக்கு, அந்த மக்கள் தொடக்கம் முதலே தனிநாடு கேட்டுப் போராடியதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் கோரிக்கை மனுக்களையும் மாநாட்டுத் தீர்மானங்களையும் ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலான தலைவர்களின் முன் மூன்று வழிகள் இருந்தது தெரியவரும். பேரரசின் குடிமக்களாகச் சம உரிமை பெறுவது ஒன்று. அதே முடியின் கீழ் இருந்துகொண்டு உள்நாட்டு ஆட்சியைத் தம் கையில் வாங்கிக்கொள்வது இன்னொன்று. முற்றாக விலகிவிடுவது மூன்றாவது. மூன்றாவதை எடுத்த எடுப்பிலேயே கேட்டவர்கள் மிகச் சிலரே. முதல் இரண்டும் மறுக்கப்பட்ட பிறகுதான் அது பெருந்திரளான மக்களின் கோரிக்கையானது என்பது என் முடிவு. இந்த மறுப்புக்கான காரணம் வழிக்கு வழி வேறுபட்டது என்பதால், அவற்றைத் தனித்தனியே எடுத்து ஒப்பிட வேண்டியிருக்கிறது.

சம உரிமை என்ற வழியை அல்ஜீரியாவைப் போல் நெடுங்காலம் நம்பியிருந்து ஏமாந்த நாடு வேறு இல்லை என்றே கருதுகிறேன். 1830-இல் பிரான்ஸ் படையெடுத்துப் பிடிக்கத் தொடங்கிய அந்நாட்டின் வடபகுதி, 1848-இல் பிரான்சின் மாவட்டங்களாகவே அறிவிக்கப்பட்டது. நிலம் பிரான்சாகிவிட்டது, அதில் வாழ்ந்த முஸ்லிம்களோ, மிகச் சிலர் நீங்கலாக, முழுக் குடியுரிமை இல்லாதவர்களாகத் தனியான தண்டனைச் சட்டங்களின் கீழ் வைக்கப்பட்டார்கள். செத்தீஃப் நகரில் மருந்துக்கடை நடத்திவந்த ஃபெர்ஹத் அப்பாஸ் 1936-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அல்ஜீரியத் தேசம் என்ற ஒன்றை வரலாற்றிலும், வாழ்பவர்களிடத்திலும், கல்லறைகளிலும்கூடத் தேடியதாகவும், எங்கும் காண முடியவில்லை என்றும் கூறினார். அவர் வேண்டியது பிரெஞ்சுக் குடியுரிமைதான். அதே ஆண்டில் பிரெஞ்சுப் பிரதமர் புளூமின் அரசு முன்வைத்த புளூம்–வியோலெத் திட்டம், ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் படித்தவர்கள், முன்னாள் படைவீரர்கள் என ஏறத்தாழ இருபதாயிரம் பேருக்கு மட்டும் அந்த உரிமையை வழங்க முனைந்தது. அதற்கே ஐரோப்பியக் குடியேறிகளின் மேயர்கள் பதவி விலகுவோம் என்று மிரட்டினார்கள். திட்டம் நாடாளுமன்ற வாக்கெடுப்புக்குக்கூட வரவில்லை.

அதன் பிறகு அப்பாஸ் நகர்ந்த பாதையை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். 1943-இல் அவர் வெளியிட்ட அறிக்கை, அல்ஜீரியாவுக்கெனத் தனி அரசமைப்பைக் கேட்டது. ஜெர்மனி சரணடைந்த 1945 மே 8 அன்று செத்தீஃபில் அல்ஜீரியக் கொடியுடன் ஊர்வலம் சென்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது; அதையொட்டி ஐரோப்பியர்கள் நூறு பேரளவில் கொல்லப்பட்டார்கள், அதற்கான பழிவாங்கலில் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். 1947-இல் தரப்பட்ட 120 இடங்கள் கொண்ட அவையில், எண்ணிக்கையில் பல மடங்கு குறைந்த ஐரோப்பியர் தரப்புக்கு 60, முஸ்லிம்கள் தரப்புக்கு 60 என ஒதுக்கப்பட்டது. அதற்கு 1948-இல் நடந்த தேர்தலிலும் நிர்வாகமே முறைகேடு செய்தது. 1954 நவம்பர் 1-இல் ஆயுதப் போர் தொடங்கியபோதும் அப்பாஸ் உடனே அதில் சேரவில்லை. 1956-இல் சேர்ந்தார், 1958-இல் தற்காலிக அரசின் முதல் தலைவரானார். தேசமே இல்லை என்று எழுதியவரை அந்தத் தேசத்தின் அரசுக்குத் தலைமை தாங்கும் நிலைக்குக் கொண்டுவந்தது, வேறு எவருடைய பரப்புரையையும் விட, அவர் கேட்டதைத் தர மறுத்தவர்களின் பிடிவாதமே.

இந்த வழி மூடப்பட்டதற்கு இனவெறுப்பு மட்டும் காரணமில்லை. எண்ணிக்கையும் ஒரு காரணம். எல்லோருக்கும் சம வாக்குரிமை என்றால் பேரரசின் நாடாளுமன்றமே காலனி மக்களின் பிரதிநிதிகளால் நிரம்பிவிடும். பிரான்ஸ் தன் முன்னாள் காலனிகளுக்கே காலனியாகிவிடும் என்று 1946-இல் பிரெஞ்சு அரசியல் தலைவர் எதுவார் எரியோ வெளிப்படையாகவே எச்சரித்தார். அதே ஆண்டில் மார்த்தினிக், குவாதலூப், பிரெஞ்சு கயானா, ரீயூனியன் ஆகியவை மார்த்தினிக்கின் கவிஞரும் அரசியல்வாதியுமான எமே செசேர் போன்றோரின் முயற்சியால் பிரான்சின் மாவட்டங்களாயின. அவை இன்றும் பிரான்சுடன்தான் இருக்கின்றன. மக்கள்தொகையில் சிறியவை என்பதால் அங்கே கொடுக்க முடிந்தது.

தன்னாட்சியில் அந்தச் சிக்கல் இல்லை. தலைநகரின் நாடாளுமன்றம் அப்படியே இருக்கும். காலனிக்குத் தனி அவை கிடைக்கும். எனவே பேரரசுக்கு மலிவான வழி இதுவே. கனடாவில் 1837–38 கிளர்ச்சிகளுக்குப் பின் பொறுப்பாட்சியை, அதாவது அமைச்சரவை உள்ளூர் அவைக்குப் பொறுப்பாக இருக்கும் முறையை, பரிந்துரைத்த டர்ஹம் பிரபுவின் அறிக்கை 1839-இல் வந்தது. 1848-இல் பொறுப்பாட்சியும், 1867-இல் கூட்டாட்சியும், 1931-இல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தால் சட்டமியற்றும் சுதந்திரமும் போரின்றியே கிடைத்தன. இத்தகைய ஏற்பாட்டுக்கு அமெரிக்காவின் பதின்மூன்று காலனிகளும் வாய்ப்பளித்தன என்பது பலராலும் மறக்கப்படுகிறது. 1774-இல் பென்சில்வேனியப் பிரதிநிதி ஜோசப் கேலவே முன்மொழிந்த, முடியின் கீழான அமெரிக்கப் பேரவைத் திட்டம், காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய கண்டப் பேரவையில் ஒரே ஒரு காலனியின் வாக்கு வித்தியாசத்தில்தான் ஒதுக்கிவைக்கப்பட்டது. போர் தொடங்கிவிட்ட 1775 ஜூலையில்கூட அவர்கள் மன்னருக்குச் சமாதான மனு அனுப்பினார்கள். மூன்றாம் ஜார்ஜ் அதைப் பெற்றுக்கொள்ளவே மறுத்து, ஆகஸ்டில் அவர்களைக் கிளர்ச்சியாளர்கள் என்று அறிவித்தார். ஓராண்டு முடிவதற்குள் விடுதலைப் பிரகடனம் வந்துவிட்டது.

தன்னாட்சிக்கு எதிரி மறுப்பு மட்டுமல்ல, தாமதமும்தான் என்பதற்கு அயர்லாந்து சான்று. 1886-இலும் 1893-இலும் தோற்ற தன்னாட்சி மசோதா, 1914-இல் சட்டமாகியும் முதல் உலகப் போரைக் காரணம் காட்டி நிறுத்திவைக்கப்பட்டது. 1916 ஏப்ரலில் டப்ளினில் எழுந்த கிளர்ச்சி ஒரு வாரத்தில் அடங்கியபோது, சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கிளர்ச்சியாளர்களை நகர மக்களில் பலர் ஏசினார்கள். மே 3 முதல் 12 வரை, சில நாட்கள் இடைவெளி விட்டு விட்டு, பதினைந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான, காயத்தால் நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். அந்தப் பத்து நாட்கள் மக்களின் மனத்தைத் திருப்பின. 1918 தேர்தலில் மொத்தம் 105 இடங்களில் முழு விடுதலை கேட்ட சின் ஃபெய்ன் கட்சி 73-ஐ வென்றது. தன்னாட்சிக்காகவே பல பத்தாண்டுகள் உழைத்த கட்சிக்குக் கிடைத்தவை 6. இந்தியாவிலும் 1928-இன் நேரு அறிக்கை டொமினியன் அந்தஸ்தை, அதாவது முடியின் கீழான தன்னாட்சியைத்தான் கேட்டது. காங்கிரஸ் ஓராண்டு கெடு விதித்துக் காத்திருந்து, அது நிறைவேறாத நிலையில் 1929 டிசம்பரில் லாகூரில் பூரண சுயராஜ்யத் தீர்மானத்தை நிறைவேற்றியது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் பெற்றிருந்த அதே அந்தஸ்தை இந்தியாவுக்கு மட்டும் காலவரையின்றித் தள்ளிப்போட்டதில் நிறவேற்றுமை தவிர வேறு நியாயம் எதையும் என்னால் காண முடியவில்லை.

முழு விடுதலைக்கு மிகக் கடுமையான விலை கொடுத்த ஹைட்டியும்கூட அதை முதலில் கேட்கவில்லை. அங்கே அடிமைகளின் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய துசேன் லூவெர்த்யூர் 1801-இல் இயற்றிய அரசமைப்பு, அடிமை முறையை நிரந்தரமாக ஒழித்தபோதும் நாட்டைப் பிரெஞ்சுப் பேரரசின் பகுதியாகவே வைத்திருந்தது. நெப்போலியன் அனுப்பிய படை 1802-இல் அவரைக் கைதுசெய்ததும், அடிமை முறை மீளும் என்ற அச்சம் உறுதிப்பட்டதும்தான் 1804 ஜனவரி 1-இன் பிரகடனத்துக்கு இட்டுச்சென்றன. அதை ஏற்பதற்கு ஈடாகப் பிரான்ஸ் 1825-இல் 15 கோடி பிராங்க் கேட்டு வாங்க முனைந்தது. பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது.

இரண்டு வழிகளையும் ஒரே நாளில் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு 1958 செப்டம்பர் வாக்கெடுப்பில் கிடைத்தது. பிரான்சும் அதன் காலனிகளும் சேர்ந்த ‘பிரெஞ்சுச் சமூகம்’ என்ற அமைப்புக்குள் தன்னாட்சியா, உடனடி விலகலா என்ற கேள்விக்கு, ஆப்பிரிக்கக் காலனிகளில் கினி மட்டும் விலகலைத் தேர்ந்தது. பிரான்ஸ் தன் அதிகாரிகளையும் உதவியையும் உடனே விலக்கிக்கொண்டது. கினி 1960-இல் சொந்த நாணயத்தை வெளியிட்டது. தன்னாட்சிக்கு வாக்களித்த மேற்கு, நடு ஆப்பிரிக்க நாடுகளும் பாதுகாப்பும் வெளியுறவும் நாணயமும் பாரிசின் கையிலேயே இருந்த அந்த ஏற்பாட்டில் நிலைக்காமல், 1960 முடிவதற்குள் எல்லாம் விடுதலை பெற்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பிரான்சுடன் பிணைந்த சி.எஃப்.ஏ. பிராங்க் என்ற பொது நாணயத்தை இன்றும் பயன்படுத்திவருகின்றன.