ஸ்லாப் வாசிக்க எது வாங்கலாம்: ஜாஸ் பேஸா, ஸ்டிங்ரேயா?

ஸ்லாப் (கம்பியை அடித்தும் இழுத்து விட்டும் வாசிக்கும் பாணி) வாசிக்க பேஸ் கிட்டார் வேண்டும் என்று கடையில் கேட்டால் பத்து மாடலை எடுத்து வைப்பார்கள். உற்றுப் பார்த்தால் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று 1960-இல் வந்த ஃபெண்டர் ஜாஸ் பேஸ். இன்னொன்று 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே. இரண்டிலுமே லியோ ஃபெண்டரின் கை இருக்கிறது. தன் பெயரில் இருந்த கம்பெனியை 1965-இல் விற்றுவிட்டு, பிற்பாடு மியூசிக் மேனுக்கு வந்தவர் அவர். ஆக, இது பங்காளிச் சண்டை.

ஸ்லாப்புக்கு பேஸில் என்ன இருக்க வேண்டும்? இந்த வாசிப்பைப் பரப்பிய லாரி கிரஹாம், அம்மாவோடு மேடையேறிய காலத்தில் டிரம்மர் இல்லாத குறையைத் தீர்க்கத்தான் கட்டைவிரலால் அடிக்கவும் விரலால் இழுத்து விடவும் ஆரம்பித்தார். கட்டைவிரல் அடி கிக் டிரம், இழுப்பு ஸ்னேர். அதனால் கீழ் ஒலியில் கனமும், மேல் ஒலியில் கம்பி ஃப்ரெட்டில் (நெக்கில் பதித்த உலோகக் கோட்டில்) மோதும் சத்தமும் வேண்டும். அவை இரண்டு பேஸிலும் உண்டு. நடுவில் இருக்கும் மிட் ஒலியை என்ன செய்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ஜாஸ் பேஸில் இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும், ஒற்றைச் சுருள் உள்ள காந்த உறுப்பு). இரண்டின் வால்யூமையும் முழுக்கத் திறந்தால், ஒரே கம்பியின் அதிர்வை இரண்டு இடத்திலிருந்து எடுக்கும்போது மிட்டில் ஒரு பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறைந்துவிடும். ஈக்யூவை (கீழ், நடு, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களை) தொடாமலே ஸ்லாப் டோன் கிடைப்பது இதனால்தான். எழுபதுகளில் பின் பிக்கப்பை பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகள் முடியும் இடம்) பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்கள். சத்தம் இன்னும் கூர்மையானது. பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் புகழ்பெற்ற பேஸ் அந்தக் காலத்தது: 1977 மாடல், உள்ளே கிட்டார் செய்பவரான ரோஜர் சடோவ்ஸ்கி பொருத்திய ப்ரீஆம்ப் (ஆம்புக்குப் போகும் முன்பே ஒலியைப் பெருக்கும் சிறு சுற்று).

குறை என்றால் இரைச்சல். இரண்டு வால்யூமும் சமமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒன்றைக் குறைத்தால் 'ம்ம்ம்' என்று ஆரம்பிக்கும். பழைய ட்யூப்லைட் சோக்கும் ஃபேன் ரெகுலேட்டரும் உள்ள அறையில் ரெக்கார்ட் செய்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்டிங்ரே வேறு ரகம். ஒரே பெரிய ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), உடம்புக்குள்ளேயே ப்ரீஆம்ப், 9 வோல்ட் பேட்டரி. இரைச்சல் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. மிட் கரைந்து போகாது, அடி முன்னால் வந்து நிற்கும். பேஸ் கலைஞர் லூயிஸ் ஜான்சன் இதில் வாசித்ததைக் கேட்டவர்களுக்கு இது புரியும். இரண்டு கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் முழங்கும் மேடையில் ஜாஸின் ஸ்லாப் சில சமயம் அமுங்கிப் போகும், ஸ்டிங்ரே அமுங்காது. ஆனால் ட்ரெபிள் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினால் ஒவ்வொரு இழுப்பும் காதைக் குத்துகிறது. என் காதுக்கு அப்படித்தான். இதில் பாசிவ் வசதி (பேட்டரி இல்லாமலே வாசிப்பது) கிடையாது, பேட்டரி தீர்ந்தால் சத்தமே வராது. கேபிளைச் செருகியே விட்டால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கைக்கு எப்படி? நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை) அருகே ஜாஸ் நெக்கின் அகலம் சுமார் 38 மி.மீ., ஸ்டிங்ரே சுமார் 41. சிறிய கைகளுக்கு ஜாஸ் சுகம். இழுக்கும் விரலுக்கு ஸ்டிங்ரேயில் ஃப்ரெட்போர்டு முடிந்ததும் நல்ல வெட்டவெளி. ஜாஸில் முன் பிக்கப் குறுக்கே இருக்கும், விரல் ஆழமாகப் போனால் நகம் அதில் தட்டும். ஐந்து கம்பி எடுப்பவர்கள் பிரிட்ஜில் கம்பி இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஸ்டிங்ரே 5-இல் 17.5 மி.மீ., ஐபனெஸ் கம்பெனியின் எஸ்ஆர் வகையில் 16.5. ஸ்லாப்புக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் நன்றாகவே தெரியும்.

ஃபெண்டரின் இன்னொரு மாடலான ப்ரிசிஷன் பேஸிலும் ஸ்லாப் வாசிக்கலாம், தடிமனாக நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்காகவே வாங்கும் பேஸ் இல்லை.

பட்ஜெட் குறைவென்றால் ஸ்க்வையர் கிளாசிக் வைப் 70ஸ் ஜாஸ், சயர் மார்கஸ் மில்லர் வி7, ஸ்டிங்ரே வகையான ஸ்டெர்லிங் ரே4 மூன்றையும் பாருங்கள். ஒரே பேஸ்தான் வாங்க முடியும், அதில் எல்லாப் பாட்டும் வாசிக்க வேண்டும் என்பவருக்கு நான் சயர் வி7-ஐத்தான் சொல்வேன். ஜாஸ் வகைதான், ஆனால் ஆக்டிவ்-பாசிவ் ஸ்விட்ச் இருக்கிறது, பேட்டரி போனாலும் கச்சேரி நிற்காது. பேண்ட் சத்தமானது, ஸ்லாப்தான் பிரதானம் என்றால் ரே4 பக்கம் போகலாம்.

எதை எடுத்தாலும் கம்பி பழசாக இருந்தால் எல்லாம் வீண். ஸ்லாப்புக்கு ஃப்ளாட்வவுண்ட் (தட்டையாகச் சுற்றிய வழவழப்பான கம்பி) வேண்டாம். புது ரவுண்ட்வவுண்ட் (சொரசொரப்பாகச் சுற்றிய கம்பி), அதிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் நல்ல பளிச். ஆக்‌ஷனும் தாழ்வாக இருக்கட்டும், அதாவது கம்பி ஃப்ரெட்டுக்கு நெருக்கமாக. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் கடைசி நான்கைந்து ஃப்ரெட்டைக் கண்டிப்பாகப் பாருங்கள். கட்டைவிரல் அடி விழும் இடம் அதுதான். நெக் அங்கே மேலே எழும்பியிருந்தால் கம்பி மூச்சுத் திணறி நின்றுவிடும். ஆம்பில் செருகுவதற்கு முன்பே இ கம்பியை ஒரு அடி, ஜி கம்பியை ஒரு இழுப்பு. வெறும் மரத்திலேயே கணீரென்று கேட்டால் மேற்கொண்டு விலை பேசலாம்.