பழைய ஆலையில் ‘லாஃப்ட் வீடு’ என்று விளம்பரம் பார்த்தீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நான்கு மாதம் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் மனைவி, கைக்குழந்தையோடு குடியிருந்துவிட்டு வெளியே வந்திருக்கிறேன். கொடுத்த அட்வான்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை. வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் இரவு பகலாக மெஷின் ஓடிய பகுதி அது. ஆலைகள் மூடியபின் ஓவியர்களும் அச்சுக்காரர்களும் பாட்டுக்காரர்களும் வாடகை குறைவு என்று வந்து சேர்ந்தார்கள். அவர்களால் அந்த இடத்துக்கு ஒரு பேர் வந்தது. அந்தப் பேரை வைத்து இப்போது வீடு விற்கிறார்கள், வாடகைக்கு விடுகிறார்கள். ஆலைத் தளத்தை அப்படியே வீடாக்கினால் அதுதான் ‘லாஃப்ட்’: 14 அடி உயரக் கூரை, பூசாத செங்கல் சுவர், ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு ஜன்னல். நான் டிசைன் வேலை செய்கிறவன், மனைவி மண்பாண்டம் வனைகிறவள். பார்த்த அன்றே இரண்டு பேருக்கும் மனசு போய்விட்டது.

“எல்லாம் கன்வர்ட் ஆயிடுச்சு சார்” என்றார் புரோக்கர். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஏமாந்தோம். சுவரைச் சுரண்டி, விளக்கு மாட்டி, சமையல் மேடை போட்டிருந்தார்கள். காகிதத்தில் எதுவுமே மாறவில்லை. அக்ரிமென்டின் நான்காம் பக்கத்தில் ‘பயன்பாடு: பணிக்கூடம்’ என்று இருந்தது. கேட்டேன். “அது பழைய ஃபார்மட் சார், எல்லாருக்கும் அப்படித்தான் போடுறோம்” என்றார். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுச் சாமானுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. குடியிருப்புச் சான்று, அதாவது அந்தக் கட்டடத்தில் ஆள் குடியிருக்கலாம் என்ற அனுமதிச் சான்று கேட்டார்கள். அதைத் தேடிக் கட்டட அனுமதி அலுவலகத்துக்குப் போனால், அங்கிருந்த ஊழியர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் மாடி முழுவதும் ‘கிடங்கு’. அங்கே ஆள் குடியிருக்க அனுமதி கேட்டு ஒரு மனுகூடப் போகவில்லை.

இது வெறும் காகிதப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். பிளானில் இரண்டு மாடிப்படி உண்டு. இரண்டாவது படியின் கதவு பூட்டியிருந்தது; திறக்கவைத்துப் பார்த்தபோது உள்ளே கூரை வரைக்கும் ஜிப்சம் பலகை அடுக்கியிருந்தது. அமெரிக்காவின் ஓக்லாந்தில் 2016 டிசம்பரில் ஒரு கிடங்கு எரிந்தது. அங்கே கலைஞர்கள் தங்கியிருந்தார்கள், அன்றிரவு இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. குடியிருக்க அனுமதி இல்லை, தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளரும் இல்லை. 36 பேர் செத்துப்போனார்கள். அந்தப் பூட்டிய கதவைப் பார்த்தபின் எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அடுத்தது தரை. எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் கான்கிரீட்டோடு சமமாக அறுத்துவிட்ட நான்கு போல்ட் இருந்தன, ஏதோ மெஷின் நின்ற இடம். சுற்றிலும் தாம்பாளம் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். வெயில் ஏறினால் அந்த வட்டம் வேர்க்கும். இரவில் செய்தித்தாளைப் போட்டு வைத்தால் காலையில் பழுப்பாக எண்ணெய் குடித்துக் கிடக்கும். ஜன்னல் சட்டத்தில் பெயின்ட் செதில் செதிலாக உரியும்: மேலே பச்சை, அடியில் வெள்ளை, அதற்கும் அடியில் ஆரஞ்சு கலந்த சிவப்பு. அந்தக் காலத்தில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுவது பெரும்பாலும் காரீயச் சிவப்புதான். அந்தத் தூசு விழும் இடத்தில்தான் என் பத்து மாதக் குழந்தை தவழ்ந்து, கையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பெயின்டைச் சோதனைக்குக் கொடுத்தோம், காரீயம் இருந்தது. குழந்தையின் ரத்தத்திலும் இருந்தது. காரீயத்தைப் பொறுத்தவரை குழந்தைகளுக்கு ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று ஓர் அளவே கிடையாது. டாக்டர் சொன்ன அன்றே பெட்டி கட்டினோம்.

பிறகுதான் ஹோபோக்கன் கதையைப் படித்தேன். நியூஜெர்சியில் உள்ள ஊர். பாதரச ஆவி விளக்கு செய்த ஆலையைக் கலைஞர்களுக்கான லாஃப்ட் வீடுகளாக மாற்றினார்கள். தரைக்கடியில் பாதரசம் துளித்துளியாகக் கிடந்தது. 1996 ஜனவரியில் எல்லாரையும் வெளியேற்றினார்கள். அதனால் கேட்கிறேன்: அந்தக் கட்டடத்தில் என்ன செய்தார்கள் என்று விசாரிக்காமல் போகாதீர்கள். முலாம் பூசினார்களா, சாயம் போட்டார்களா, எண்ணெய் நீக்கும் திரவத்தில் உலோகத்தைக் கழுவினார்களா? மண்ணையும் தரையையும் சோதித்த அறிக்கையைக் கையில் வாங்கிப் பாருங்கள். அறிக்கை இல்லை என்றால் வேறு வீடு பாருங்கள்.

குழந்தையோடு இருக்கிற இடம் இது இல்லை என்று எங்களுக்கு உணர்த்தியவர் கீழ்மாடித் தச்சர். அவரோடு முதல் மாதம் நான் சண்டை போட்டேன். ராத்திரி பதினொன்றுக்கு ரம்பம் ஓடும், தூண் வழியாகக் கட்டிலே அதிரும். “தம்பி, நான் பன்னிரண்டு வருஷமா இங்கதான் மரம் அறுக்கிறேன். குழந்தையோட உங்களை இங்க கொண்டுவந்து விட்டது யாரு?” என்று கேட்டார். பதில் இல்லை. எங்களைப்போல் வந்தவர்களின் புகாரைக் காட்டி, அவரைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் விட்டிருக்கிறார்கள். என் புகாரும் அதில் ஒன்று. இதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நியூயார்க்கில் இப்படிக் குடியேறியவர்கள் பல வருடம் போராடி 1982ல் லாஃப்ட் சட்டம் வாங்கினார்கள். அதன் கீழ் வருகிறவர்களை ஓனர் நினைத்தபடி வெளியேற்ற முடியாது, கட்டடத்தைக் குடியிருப்புக்கான பாதுகாப்பு விதிக்குள் கொண்டுவரவும் வேண்டும். அப்படி ஒரு சட்டம் இல்லாத இடத்தில் நாம் பெரும்பாலும் நம்பவேண்டியது அக்ரிமென்டில் உள்ள வரியைத்தான்.

அந்த வரியை வைத்தே என் அட்வான்ஸை மறுத்துவிட்டார் ஓனர். “பணிக்கூடம்னு எழுதின இடத்துல குடும்பம் நடத்தினது நீங்கதான், ஒப்பந்தத்தை மீறினது நீங்கதான்” என்கிறார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். புரோக்கர் வாயால் சொன்ன எதற்கும் என்னிடம் சாட்சி இல்லை. நீங்களாவது எழுத்தில் கேளுங்கள், மெசேஜிலாவது வாங்கி வையுங்கள்.

நேற்று அதே வீட்டுக்கு விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. அதே ஜன்னல், அதே வெயில். கட்டிலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கம்பளம் விரித்திருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் அதைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.