ஜிடி-ஆரில் பூஸ்ட் ஏற்ற: திருகு வால்வா, ரீமேப்பா?

1989-இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32-இன் இரட்டை டர்போக்களில் பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற்ற இரண்டு வழிகள் உண்டு.

மலிவானது, கையால் திருகும் பூஸ்ட் கண்ட்ரோலர். வெளியேறும் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவுதான் வேஸ்ட்கேட். அதைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றுக்குழாயில் இதைப் பொருத்துவார்கள். அழுத்தத்தின் ஒரு பகுதி ஆக்சுவேட்டருக்குத் தெரியாமல் போவதால் வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும். அரை மணி நேர வேலைதான். ஆனால் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவில் இருக்கும் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பழைய அழுத்தத்துக்கு எழுதியது. அது அப்படியே இருக்கும்.

ஈசியூவில் இருக்கும் மேப்பை, அதாவது இந்த அளவுகளின் பட்டியலை, மாற்றி எழுதுவதுதான் ரீமேப். இதில் செலவு பல மடங்கு. இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் வண்டியை ஏற்றி, எரிபொருள் கலவையையும் டைமிங்கையும் பூஸ்டுக்கு ஏற்றபடி திருத்துவார்கள். ஜப்பானின் 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய மேப், 95 ஆக்டேன் விற்கும் ஊரில் நாக்கிங்கை (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பதை) கொண்டுவரலாம். அதைச் சரிசெய்ய இந்த வழிதான் உதவும்.

சரி, எவ்வளவு ஏற்றலாம்? கம்பெனி டர்போவில் புகையால் சுழலும் டர்பைன் சக்கரம் செராமிக். சூடும் வேகமும் எல்லை மீறினால் தண்டிலிருந்து கழன்றுவிடும். பூஸ்ட் அழுத்தம் 1 பாரைத் தாண்டாதீர்கள் என்பதுதான் ஜிடி-ஆர்க்காரர்கள் வழக்கமாகச் சொல்வது. எந்த ரீமேப்பும் செராமிக்கை இரும்பாக்காது.

என் ஓட்டு ரீமேப்புக்கே. திருகு வால்வுதான் என்றால், எரிபொருள் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டரும் பூஸ்ட் மீட்டரும் மாட்டிவிட்டு, 0.8 பாரில் நிறுத்துங்கள்.