வாக்கிங்கா, மலையா, ஜிம்மா, நாற்காலியா: அறுபதுக்கு மேல் எது கை கொடுக்கும்?

சேலத்தில் அறுபது தாண்டியவரிடம் உடற்பயிற்சி பற்றிக் கேட்டால், "டெய்லி வாக்கிங் போறேனே" என்பார். நல்ல பழக்கம்தான். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடையை அடித்துக்கொள்ள முடியாது, காசும் செலவில்லை. ஆனால் தசை வலு வேறு கணக்கு. காந்தி ஸ்டேடியத்தைப் பேசிக்கொண்டே சுற்றி வரும்போது தொடைத்தசைக்குப் பெரிதாக வேலை இருப்பதில்லை. வயதாக ஆக அதிகம் மெலிவது வேகமாகச் சுருங்கி விரியும் தசை இழைகள். கால் தடுக்கினால் சட்டென்று ஊன்றி நிற்க வைப்பவை அவைதான். பாரம் கொடுக்காமல் அவை தேறாது.

வலுவுக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டா? 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைப் பின்தொடர்ந்து 2015-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், கைப்பிடி வலு 5 கிலோ குறைவாக இருந்தால் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் கைப்பிடி உடம்பின் வலுவைக் காட்டும் அளவுகோல்தான். இதைக் கேட்டுவிட்டு கையால் அழுத்தும் ஸ்பிரிங் வாங்கி டிவி முன்னால் அழுத்திக்கொண்டிருந்தால் ஆயுள் கூடிவிடாது. தெர்மாமீட்டரை ஐஸில் வைத்தால் காய்ச்சல் இறங்குமா என்ன?

அடுத்தது மலை. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுப் பக்கம் கொஞ்சம் ஏறினாலே தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல பாரம் கிடைக்கும். இறங்கும்போது மூச்சு வாங்காது, ஆனால் தொடைதான் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. மறுநாள் வலிப்பது அதனால்தான். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது சரிப்படாது.

பலனை மட்டும் பார்த்தால் ஜிம்தான் முதலிடம். 1990-ல் அமெரிக்காவில் தொண்ணூறை ஒட்டிய முதியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அங்கே எடையைச் சிறுகச் சிறுக ஏற்றலாம் என்பதுதான் பெரிய வசதி. ஆனால் காது கிழியும் பாட்டுக்கும் கண்ணாடி முன் நிற்கும் இளவட்டங்களுக்கும் நடுவே நம் வீட்டு அம்மா போவாரா?

அதனால் பெரும்பாலோருக்கு என் ஓட்டு நாற்காலிக்கே. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 வினாடிக்கு மேல் ஆனால் தசை பலவீனமாக இருக்கலாம் என்கிறது ஆசிய மருத்துவர் குழுவின் 2019 வரையறை. வாரம் இரண்டு நாள் பத்துப் பத்தாக மூன்று சுற்று போதும். சுலபமானதும் நெஞ்சோடு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அணைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஐந்து கிலோ அரிசிப் பை. பாரம் ஏறாவிட்டால் இதுவும் வாக்கிங் மாதிரிதான் ஆகிவிடும். மற்ற நாட்களில் நடையை விட வேண்டாம். புரதமும் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான்). ஒரு முட்டையில் 6 கிராம் வரும். தட்டுவடை செட்டில் தேடாதீர்கள்.

பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முழங்கால் வலித்தால் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டலாம். பிரஷர் உள்ளவர்கள் மூச்சைப் பிடிக்காமல் வாய்விட்டு எண்ணிக்கொண்டே எழுந்திருக்க வேண்டும்.