ஸ்டவர்ஹெட்: ஏரியைக் கடைசிக்கு வையுங்கள்

இங்கிலாந்தில் இருக்கும் ஸ்டவர்ஹெட் தோட்டத்துக்குப் போய் வந்தவர்கள் காட்டும் படம் எப்போதும் ஒன்றுதான். முன்னால் புல் மூடிய கல் பாலம், நடுவில் ஏரி, அக்கரை மரங்களுக்கிடையே தூண்களும் குவிமாடமுமாக ஒரு கோயில். நானும் முதல் இரண்டு முறை அதே படத்தை எடுத்துக்கொண்டு, ஏரியை ஒரு சுற்று சுற்றி, டீ குடித்துவிட்டுத் திரும்பியவன்தான். போன மே மாதம் மனைவியோடும் மாமனாரோடும் போனபோது தோட்டத்துக்குள் நுழையாமல் முதலில் வெளியே எஸ்டேட்டில் நடந்தோம். காடு, கோபுரம், ஊற்று எல்லாம் பார்த்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் ஏரிக்கு வந்தோம். முன்பு இரண்டு தடவை பார்த்த அதே ஏரிதான், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தது அன்றைக்குத்தான்.

இடம் இங்கிலாந்தில், வில்ட்ஷயரின் மேற்கு ஓரத்தில், மியர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில். ஏ303 சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். கார் இல்லாமல் போவது சிரமம். ரயிலில் வருகிறவர்கள் கில்லிங்கம் நிலையத்தில் இறங்கி டாக்சி பிடிக்கலாம், ஆறேழு மைல் இருக்கும். டிக்கெட் போடும்போது கவனம், கென்ட்டிலும் ஆங்கிலத்தில் அதே எழுத்துகளோடு ஓர் ஊர் இருக்கிறது. அதை ஜில்லிங்கம் என்பார்கள். உங்களுக்கு வேண்டியது டார்செட்டில் இருக்கும் கில்லிங்கம். எஸ்டேட்டை 1946 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. உறுப்பினர் என்றால் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை, மற்றவர்கள் டிக்கெட் எடுக்க வேண்டும். வெளியே இருக்கும் காட்டுப் பாதைகளுக்கு டிக்கெட் தேவையில்லை.

முன்கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் நடை இன்னும் ருசிக்கும். ஸ்டவர்ட்டன் என்ற குடும்பம் இங்கே சுமார் 500 ஆண்டுகள் இருந்தது. 1717இல் ஹோர் குடும்பம் இடத்தை வாங்கியது. 1672இல் லண்டனில் தொடங்கி இன்றும் நடக்கும் ஹோர் வங்கியின் குடும்பம்தான் அது. பழைய மாளிகையை இடித்துவிட்டுப் புது வீடு கட்டினார்கள். அடுத்த தலைமுறை இரண்டாம் ஹென்றி ஹோர் 1740களில் தோட்டத்தை ஆரம்பித்து, ஏறக்குறைய 40 வருடம் அதிலேயே கிடந்தார். பள்ளத்தாக்கின் வாயில் அணை போட்டு ஏரியை உண்டாக்கியவர் அவர்தான். நான் ஏரி ஏரி என்று சொல்லிக்கொண்டிருப்பது மனிதன் தேக்கிய தண்ணீர். வரும்போதே இது மனதில் இருக்கட்டும்.

நாங்கள் நடந்தது வீட்டுப் பக்கத்திலிருந்து காட்டு வழியாக ஆல்ஃபிரட் மன்னர் கோபுரம் வரை, அங்கிருந்து சிக்ஸ் வெல்ஸ் பாட்டம் என்ற பள்ளத்தாக்கில் இறங்கித் திரும்பும் சுற்று. நின்று நிதானமாகப் போனதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பீச் மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. அந்த இளம் இலை வழியாக வரும் வெளிச்சத்தில் தரையே பச்சையாகத் தெரிந்தது, கீழே அங்கங்கே புளூபெல் பூக்கள். அந்தப் பாதையில் ஏற்ற இறக்கம் உண்டு, முழங்கால் பிரச்சினை இருப்பவர்கள் யோசித்துக் கிளம்புங்கள். சேறும் தொந்தரவு. தண்ணீர் புகாது என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு விற்ற ஷூ முதல் மைலிலேயே நனைந்துவிட்டது, மீதி நேரம் முழுக்க ஈர சாக்ஸோடுதான் நடந்தேன். கணுக்கால் வரை ஏறும் நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தாலும் சரி.

கோபுரம் காட்டுக்கு நடுவே திடீரென்று நிற்கிறது. 49 மீட்டர் உயரம், முழுக்கச் செங்கல், முக்கோண வடிவம், மூலைக்கு ஒன்றாக வட்டமான சிறு கோபுரம். 1772இல் கட்டி முடித்தார்கள். 878இல் டேன்கள் என்ற வைக்கிங் படையெடுப்பாளர்களை எதிர்க்க ஆல்ஃபிரட் மன்னர் படை திரட்டிய இடம் இந்தப் பக்கம்தான் என்ற நம்பிக்கையில் அவர் பெயரை வைத்தார்கள். உள்ளே நுழைந்தால் நடுப்பகுதி முழுக்க வெற்றிடம், அண்ணாந்து பார்த்தால் மேலே வானம். மூலையில் இருக்கும் சுருள் படியில் 205 படி ஏற வேண்டும். மாமனார் கீழேயே உட்கார்ந்துகொண்டார், நாங்கள் இருவரும் ஏறினோம். மேலே நின்றால் சாமர்செட், வில்ட்ஷயர், டார்செட் என்று மூன்று பக்கமும் விரிந்து கிடக்கிறது. 1944இல் மூடுபனியில் ஒரு ராணுவ விமானம் இந்தக் கோபுரத்தின் உச்சியில் மோதி ஐந்து பேர் இறந்திருக்கிறார்கள். அது தெரிந்த பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். கோபுரம் எல்லா நாளும் திறந்திருக்காது, கிளம்பும் முன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. காட்டிலிருந்து இறங்கினால் இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் ஆடு மேயும் நீளமான புல்வெளி. ஆள் நடமாட்டமே இல்லை. பள்ளத்தாக்கின் மேல்முனையில் கற்குவியல்மேல் ஏற்றி வைத்த பழைய கல் மண்டபம் ஒன்று நிற்கிறது, செயின்ட் பீட்டர்ஸ் பம்ப் என்று பெயர். பிரிஸ்டல் நகரில் நடுக்காலத்தில் கட்டியதை அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து 1768இல் இங்கே ஊற்றின்மேல் வைத்திருக்கிறார்கள். ஸ்டவர் ஆறு பிறக்கும் இடம் இது. பழைய ஸ்டவர்ட்டன் குடும்பத்தின் சின்னத்தில் ஆறு ஊற்றுகள் இருக்கும், அவை இந்த ஊற்றுகள்தான்.

மாமனார் குனிந்து பார்த்துவிட்டு, “இதுவா மாப்பிள்ளை ஆறு?” என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. பெரிதாக எதுவும் பொங்கி வரவில்லை. ஆனால் அங்கிருந்து கீழ்நோக்கி நடக்க நடக்கப் புல் நிறம் மாறுகிறது, காலடியில் சதக் சதக் என்கிறது, நாணல் தென்படுகிறது. அப்புறம்தான் தண்ணீர் கண்ணில் படுகிறது. இங்கிருந்து கிளம்பி 60 மைலுக்கு மேல் ஓடி, இங்கிலாந்தின் தென்கரையில் கிறைஸ்ட்சர்ச்சில் கடலில் சேருகிற ஆறு இது. அதைத்தான் ஹென்றி ஹோர் வழியில் நிறுத்தி வைத்தார்.

சரி, தோட்டம். வலஞ்சுழியாகப் போகாதீர்கள், இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும்படி அமைத்தது அந்தத் திசைக்குத்தான். ஃப்ளோரா கோயிலைத் தாண்டிக் கரையோரமாகப் போனால் பாதை இறங்கி ஒரு செயற்கைக் குகைக்குள் நுழைகிறது. வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே சில்லென்று இருக்கும். கண் பழகியதும் தூங்கும் பெண்ணின் வெள்ளைச் சிலை தெரியும், அவளுக்குக் கீழே ஊற்றுநீர் வழிந்து தொட்டியில் விழுகிறது. இன்னொரு பக்கம் கரடுமுரடான கல்லில் ஒரு திறப்பு, அதன் வழியே பார்த்தால் ஏரியின் மேற்பரப்பு கிட்டத்தட்ட நம் கண் மட்டத்தில். அப்பால் நதிக் கடவுள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முந்தைய இரண்டு தடவையும் இந்தக் குகையை ஒரு நிமிடத்தில் தாண்டிப் போயிருக்கிறேன். இந்த முறை மாமனார் தொட்டித் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார், கிளம்ப மனமில்லை.

அதைத் தாண்டி பாந்தியன், எல்லோர் படத்திலும் வரும் அந்தக் குவிமாடக் கோயில். அதன் படியில் நின்று திரும்பிப் பாருங்கள். பாலம், பிரிஸ்டலிலிருந்து கொண்டுவந்த உயரமான கல் சிலுவை, தேவாலயம், கிராமத்து வீடுகள் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். 17ஆம் நூற்றாண்டு ஓவியர் காஸ்பார் பூசானின் நிலக்காட்சி ஓவியம் போல வரவேண்டும் என்று நினைத்தே ஹோர் இதை அமைத்தார். அணை வழியாகப் போய் அப்போலோ கோயிலுக்கு ஏறும் பாதை செங்குத்து, முடியாதவர்கள் கீழ்ப்பாதையிலேயே போகலாம். இழப்பு உண்டுதான், மேலிருந்து முழு ஏரியும் தெரியும்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1902இல் தீப்பிடித்து நடுப்பகுதி எரிந்து, மறுபடி கட்டினார்கள். நூலகம் தப்பியது, அதற்காக மட்டுமாவது உள்ளே போகலாம். அந்தக் காலத்தில் இங்கே இருந்த, அதே ஹோர் குடும்பத்து இன்னொரு ஹென்றிக்கும் அவர் மனைவி ஆல்டாவுக்கும் ஒரே மகன். முதல் உலகப்போரில் காயம்பட்டு 1917இல் இறந்துபோனான். வாரிசு இல்லாததால் எஸ்டேட்டை நேஷனல் டிரஸ்ட்டிடம் கொடுத்தார்கள். மறு வருடம், 1947 மார்ச் 25 அன்று, சில மணி நேர இடைவெளியில் இருவரும் காலமானார்கள். வீட்டுக்குள் அந்தப் பையனின் படத்தைப் பார்த்தபோது மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரோடோடெண்ட்ரான் பூக்க மே, ஜூன். இலை நிறம் மாறுவதைப் பார்க்க அக்டோபர், ஆனால் அப்போது கூட்டம் நெரியும், விடுமுறை நாளைத் தவிருங்கள். ஆடு மேயும் இடங்களில் கதவை மூடிவிட்டுப் போங்கள், நாய் இருந்தால் கயிற்றில் பிடியுங்கள். காட்டில் போன் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பத்து மணிக்குள் நடக்க ஆரம்பித்தால்தான் தோட்டத்துக்கு முழுசாக இரண்டு மணி நேரம் மிஞ்சும். குகைக்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.